விரிந்த கோடு பொய் சொல்லாது

எங்கள் தெருவில் எனக்குப் பெயர் 'நட்சத்திரம் பார்க்கிற பொண்ணு'. அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு நான் ஜாதகம் பார்க்கிறேன் என்றே நினைப்பு. லீவுக்குக் காஞ்சிபுரம் வந்து பெட்டியைக் கீழே வைத்தால் போதும், எதிர்வீட்டு அம்மாள் தன் மகளுடைய பூரட்டாதிக்கு எந்த மாதம் கல்யாண யோகம் என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பாள். எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க என்றால் நம்ப மாட்டாள். "இம்மாம் படிச்சிட்டு இதுகூடத் தெரியலைன்னா அப்புறம் இன்னாத்துக்குமா அந்தப் படிப்பு" என்று என் அம்மாவிடம் முறையிட்டுவிட்டுப் போவாள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. இன்றைக்கு இல்லை.

உண்மையைச் சொன்னால் நான் வானத்தை அண்ணாந்து பார்த்ததே குறைவு. எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, மலை மேல் இருந்த ஒரு வானாய்வு நிலையத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். இரவில் தொலைநோக்கிக் கூடத்துக்குள் பெண்கள் வரக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் விடவும் இல்லை. ஆண்கள் குளிரில் விழித்திருந்து எடுத்த கண்ணாடித் தட்டுகள் கழுவிக் காய்ந்து காலையில் என் மேசைக்கு வரும். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நான் உள்ளே, அடியில் விளக்கெரியும் ஒரு கண்ணாடிப் பலகையின் முன்னால் குனிந்து உட்கார்ந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணை லென்ஸில் வைத்துப் பார்ப்பேன். சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் அதுதான் வேலை. என் நட்சத்திரங்கள் எல்லாமே பகல் நட்சத்திரங்கள்.

தட்டில் நட்சத்திரம் புள்ளியாக இருக்காது. அதன் ஒளியை முப்பட்டகத்தில் விட்டுப் பிரித்து, ஒரு சின்னப் பட்டையாகப் படம் பிடித்திருப்பார்கள். தீக்குச்சி நீளம்கூட இராது. பட்டையின் குறுக்கே கோடு கோடாக இருக்கும். ஹைட்ரஜனுக்கு இன்ன இடம், கால்சியத்துக்கு இன்ன இடம், இரும்புக்கு எத்தனை இடம் என்று கணக்கே இல்லை. எந்தக் கோடு அழுத்தம், எது மெலிசு, எது இல்லவே இல்லை என்று பார்த்து அந்த நட்சத்திரத்துக்கு ஓர் எழுத்துக் கொடுக்க வேண்டும். கொதிக்கிறவை ஓ, பி. அப்புறம் ஏ, எஃப், ஜி, கே. ஆறிச் சிவந்தவை எம். இதற்கு நிறுவை கிடையாது, அளவுகோல் கிடையாது, மனிதக் கண்தான். வகை ஏற்கெனவே உறுதியான மாதிரி நட்சத்திரங்களின் தட்டுகள் ஒரு தொகுப்பாக இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்து, இது அதைப்போல இருக்கிறதா, அதைவிட மெலிசா என்று ஒப்பிட்டு எழுத வேண்டும்.

ஆடியில் சேர்ந்தேன். அடுத்த பொங்கல்வரை என் வழிகாட்டிப் பேராசிரியர் என்னை வேறெதையும் தொட விடவில்லை. அவரை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம். "மாதிரி எல்லாம் முதல்ல மனசுல ஏறட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்பார். ஏறியது. கண்ணை மூடினால் ஒவ்வொரு மாதிரியும் வரிசையாக வந்து நிற்கும் அளவுக்கு ஏறியது. தொகுப்பு ஒன்றுதான் இருந்தது, அதை எல்லாரும் கேட்பார்கள். அலமாரிச் சாவிக்காக நான் காத்துக்கொண்டு நிற்பதைவிட நினைவிலிருந்தே வகைப்படுத்திவிடுவது சுலபமாக இருந்தது. பார்க்க வருகிறவர்களிடம் சாரே என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணுக்கு மாதிரித் தட்டு வேண்டாம். எல்லாம் கண்ணுலயே இருக்குது" என்பார். எனக்குத் தலைகால் புரியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்ததும் என் சொந்தத் தட்டுகளைத் தொடங்கினேன். மாதிரித் தட்டுகளை அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை.

என் ஆராய்ச்சி நட்சத்திரங்களின் சுழற்சியைப் பற்றியது. எல்லா நட்சத்திரமும் தன்னைத்தானே சுற்றுகிறது. நம் சூரியன் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும் மந்தம். சில நட்சத்திரங்கள் வெறி பிடித்தாற்போல ஒரே நாளில் சுற்றி முடித்துவிடும். அப்போது அதன் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வரும், மறு விளிம்பு விலகிப் போகும். வருகிற பக்கத்து ஒளியில் கோடு நீலத்தின் பக்கம் சற்று நகரும். போகிற பக்கத்தில் சிவப்பின் பக்கம் நகரும். இரண்டும் கலந்து கோடு விரிந்து மங்கிவிடும், காய்வதற்குள் புடவை பட்டுவிட்ட ஈரக்கோலம் மாதிரி. மெலிந்த கோடுகள் இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோகும். அவை கரைந்தால் வகையே மாறிவிடும். எஃப் என்று எழுத வேண்டியதை ஏ என்று எழுதிவைப்போம். அதனால்தான் எழுத்தோடு கூடவே கோடு கூர்மையா, விரிவா என்று ஒரு குறியும் போடுவது.

சார் ஒரு நாள் பலகையில் வட்டம் போட்டுச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "கோடு கூர்மையா இருந்தா உடனே சுத்தலைன்னு முடிவு கட்டிடாதீங்க. பம்பரத்த நேர் மேல இருந்து பார்த்தா, விளிம்பு நம்ம கிட்ட வர்றதும் இல்ல, போறதும் இல்ல. அந்த மாதிரி உச்சந்தலைய நம்ம பக்கம் காட்டிக்கிட்டுச் சுத்துறது எத்தனையோ இருக்கும். கூர்மையான கோடு ஏமாத்தும். விரிஞ்ச கோடு பொய் சொல்லாது."

நான் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன்.

எங்களுக்குப் பூர்வீகம் தென்னேரி. ஏரிக்கரையை ஒட்டி நிலம், அதைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். அப்பா காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டைம் கீப்பர். பஸ் வருகிற நேரம் தவறினால் டிரைவரைப் பார்க்கிற பார்வையிலேயே என்னையும் பார்ப்பார். என்னை மலைக்கு அனுப்பினபோது அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "படிப்பு முடியற வரைக்கும் உட்டு வெக்கறேன். நடுவுல உடம்புக்கு ஒண்ணுன்னு கேள்விப்பட்டேன், அன்னைக்கே மூட்டையைக் கட்டிக்கினு வந்துடணும். பேச்சே கிடையாது." அவர் பேச்சு மாறுகிற ஆள் இல்லை. மாப்பிள்ளையும் தயாராகத்தான் வைத்திருந்தார், வாலாஜாபாத்தில் மின்சார இலாகாவில் வேலை பார்க்கிற ஒருவர். ஆய்வேட்டைக் கொடுத்து டாக்டர் பட்டம் வாங்கிவிட்டால் நிலையத்திலேயே எனக்கு வேலை என்று சார் வாக்குக் கொடுத்திருந்தார். வேலை கையில் இருந்தால் அப்பா எதிரில் நிமிர்ந்து நின்று பேசலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அந்த ஆய்வேடு ஒன்றுதான் எனக்குக் கதவு. வேறு ஜன்னல்கூடக் கிடையாது.

அம்மாவைப் பற்றி என்ன சொல்வது. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள். நான் லீவுக்கு வரும்போதெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு என் தட்டுகளைப் பற்றி அவளிடம் கொட்டுவேன், வேறு ஆள் இல்லாத குறைக்கு. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். நாளுக்கு ஒரு சுற்று சுற்றுகிற நட்சத்திரத்தைச் சொன்னபோது, "அதுக்குத் தலை சுத்தாதா" என்றாள். "அதுக்கு ஏதும்மா தலை" என்றேன். "அன்னைக்கு உச்சந்தலையக் காட்டுதுன்னு நீதான சொன்ன" என்று மடக்கினாள். நான் சிரித்துவிட்டேன். அப்போது எனக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் வருஷம் என் தட்டுகளில் ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரே கூட்டமாகப் பிறந்த நட்சத்திரங்கள் சில டஜன் என் பொறுப்பில் இருந்தன. அவற்றில் பெரும்பாலும் எல்லாமே வேகமாகச் சுற்றுகிறவையாக வந்தன. ஒவ்வொன்றாக விரிவு, விரிவு, விரிவு என்று குறி போட்டுக்கொண்டே போனேன். ஒரு கூட்டம் முழுக்க இப்படி இருந்தால், அவை பிறந்த விதத்திலேயே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சார் என் மேசைக்கு வந்து, நின்ற நிலையிலேயே எல்லாக் குறிகளையும் படித்தார். அடுத்த மாநாட்டில் என் பெயரைப் போட்டே படிக்கலாம் என்றார். அந்த வைகாசிக்கு ஊருக்கு வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிர்வீட்டு அம்மாளிடம்கூட, பூரட்டாதிக்குச் சீக்கிரமே யோகம் வரும் என்று சொல்லிவைத்தேன்.

மூன்றாம் வருஷம் பங்குனியில், மாநாட்டுக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால், சார் என் தட்டுகளில் ஒன்றை எடுத்து மாதிரியோடு வைத்துத் தாமே பார்த்திருக்கிறார். எல்லாரும் வழக்கமாகச் செய்கிற சரிபார்ப்புதான், சந்தேகப்பட்டு அல்ல. என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். முகம் சரியில்லை.

"இதப் பாருங்க" என்றார். பார்த்தேன். விரிந்த கோடு. சொன்னேன். அவர் தட்டை மாற்றி வைத்தார். "இப்ப இது."

கோடுகள் இருந்த இடத்தை வைத்தே அது எந்த நட்சத்திரம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாதிரித் தொகுப்பிலேயே கோடு மிகக் கூர்மையானது அது. முதல் ஆறு மாதமும் என் கண்ணுக்குள் குடியிருந்தது. பிளேடால் கீறியதுபோல இருக்கும். இப்போது லென்ஸில் அதன் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் இன்னொரு நிழல் கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விளிம்பெல்லாம் மயிர் மயிராகப் பிரிந்து, மெலிந்த கோடுகள் இருந்த இடமே இல்லை. அந்த நட்சத்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்தில் எந்த நட்சத்திரமும் சுற்ற ஆரம்பித்துவிடாது. சார் கேட்பதற்கு முன்னாலேயே நான் வலது கண்ணை மூடி, இடது கண்ணை லென்ஸில் வைத்தேன். பிளேடால் கீறியதுபோல, அப்படியே இருந்தது.

"சார், கண்ணு" என்றேன்.

மெட்ராஸில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு வருகிறது என்றார். வலது கண்ணில் முற்றிவிட்டது, இடதில் ஆரம்பம். மூக்குக்கண்ணாடியால் சரி செய்ய முடியாது. கண்ணின் மேலேயே ஒட்டவைக்கிற ஒரு வில்லை இருக்கிறது, எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது பின்னால் தெரிந்தது. இரண்டு கண்ணையும் திறந்து நடக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணை மூடி மறைத்துவிடும், அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை என்று விளக்கினார். உலகத்தில் வேறு எந்த வேலையில் இருந்திருந்தாலும் இதனால் ஒன்றும் கெட்டிருக்காது. நல்ல கண்ணை மூடிக்கொண்டு கெட்ட கண்ணால் மட்டும் பார்க்கிற பிழைப்பு என்னைத் தவிர இன்னும் எத்தனை பேருக்கு இருக்கும்? நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இடது கண்ணால் எல்லாவற்றையும் மறுபடி பார்க்கிறேன் என்று சாரிடம் மன்றாடினேன். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து நிதானமாகத்தான் பேசினார். "அதுலயும் ஆரம்பிச்சிடுச்சுன்னு டாக்டர் எழுதியிருக்காரேம்மா. வகைப்படுத்துறவங்க கண்ணு மேல ஒரு தடவ சந்தேகம் வந்துட்டா அப்புறம் அவ்வளவுதான். தட்டுகள வேற ஒருத்தர் பார்ப்பாங்க. ஆனா அது உங்க வேலையா இருக்காது." பிறகு ஒரு வழி சொன்னார். கண் கெடுவதற்கு முன்னால் நான் பார்த்ததெல்லாம் செல்லும். என் பழைய தட்டுகளில் சிலதை அவரே எடுத்துப் பார்த்திருந்தார். சில சரி, சில தப்பு, அதை வைத்து ஒன்றும் பிடிபடவில்லை. டாக்டரால் சொல்ல முடியவில்லை, அது மெதுவாக வளர்கிற கோளாறு. "எப்ப ஆரம்பிச்சதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும். அதுக்கு முன்னாடி உள்ளத வெச்சுச் சின்னதா ஒரு ஆய்வேடு கொண்டுவந்துடலாம். பாதி இருந்தாலும் போதும். வீட்டுல கேட்டுப் பாருங்க. கூட இருக்கிறவங்களுக்கு சில சமயம் தெரியும்."

ஆக நான் மலையிலிருந்து இறங்கி வந்தது ஒரு மாதத்தின் பெயரைத் தேடி. இரண்டாம் வருஷ தீபாவளி என்று ஒரு பதில் கிடைத்தால் கிட்டத்தட்டப் பாதி பிழைக்கும். அதற்கு முந்தின வைகாசி என்றால் கால்வாசி. கால்வாசி இருந்தாலும் சார் எதையாவது கட்டி எழுப்பிவிடுவார் என்று நம்பினேன். அப்பாவிடம் கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை.

எங்கள் ஊரில் எதையும் திருவிழாவை வைத்துத்தான் நினைவு வைப்பது. நானும் அப்படியே தேட ஆரம்பித்தேன். வைகாசி கருட சேவைக்கு விடியற்காலையில் பெருமாள் கோபுர வாசலைத் தாண்டி வெளியே வருகிற அந்த நிமிஷம், பெரிய பெரிய குடைகள் தாழ்ந்து எழும். போன வருஷம் அந்தக் குடையின் கும்பத்தை நான் ஒன்றாகப் பார்த்தேனா, இரண்டாகப் பார்த்தேனா? தீவட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தீவட்டி எரிந்ததா? எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டாலும் ஞாபகம் வரவில்லை. நினைவில் எல்லாமே கூர்மையாகத்தான் இருக்கிறது. சன்னதித் தெருவில் வெயிலில் நின்றுகொண்டு, இடது கண்ணைப் பொத்தி, வலது கண்ணால் கோபுரத்தைப் பார்த்தேன். பொம்மைகள் எல்லாம் ஒன்றோடொன்று இழுகிக் கிடந்தன. பூக்கடைக்காரர், "கண்ணுல தூசியாமா" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இரண்டு நாள் அப்படியே சுற்றி அலைந்துவிட்டு, கடைசியில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. முந்தின வருஷம் மாசியில் வாலாஜாபாத்துக்காரர்கள் என்னைப் பார்க்க வந்தபோது, காப்பித் தட்டைக் கையில் கொடுத்து, அம்மா என் காதில் ஒன்று சொன்னாள்: "கண்ணச் சுருக்காத." அன்றைக்கு அது என் காதில் ஏறவே இல்லை. இப்போது ஏறியது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மத்தியானம் அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் போனபிறகு அடுப்படிக்குப் போனேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று என் கண்ணை என்னிடமிருந்தே மறைத்துவிட்டாள், பெண்ணைத் தள்ளிவிட்டால் போதும் என்று இருந்துவிட்டாள் என்று எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

"என் கண்ணு சரியில்லன்னு உனக்கு எப்பம்மா தெரியும்?"

அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"டாக்டர் இன்னா சொன்னாரு?" என்றாள்.

சொன்னேன். வலது கண் போனது, இடது கண் போய்க்கொண்டிருப்பது, தட்டுகள், கூட்டம், மாநாடு, எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது ஆரம்பித்தது என்று தெரிந்தால் அதற்கு முந்தியது பிழைக்கும் என்பதையும் சொன்னேன். அவளுக்கு அது புரிந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், அவளுக்குப் புரிந்தது. கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"மாசிலயா? அவங்க வந்தப்பவா?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மாசி என்றால் பாதி பிழைக்கும்.

"அதுக்கு முன்னாடிமா."

"தீபாவளிலயா?"

"நீ மலைக்குப் போயி மொதமொத வந்தியே, அந்தப் பொங்கலு." தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "பானை வெக்க நல்ல நேரம் பார்த்துச் சொல்லுன்னேன். நீ காலண்டர் கிட்டப் போயி, தலைய ஒரு பக்கமா சாச்சிக்கினு, சோத்துக் கையால அந்தக் கண்ணப் பொத்திக்கினு படிச்ச. நான் அடுப்பாண்ட இருந்து பார்த்துக்கினே இருந்தேன். அதுக்கு முன்னாடி நீ அப்டிப் படிச்சதே இல்ல."

அந்தப் பொங்கல் முடிந்து திரும்பிப் போய்த்தான் என் முதல் தட்டையே நான் மேசையில் வைத்தேன்.

நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அப்பவே ஏம்மா சொல்லல? அந்த வாலாஜாபாத்துக்காக என் வாழ்க்கையையே போட்டு மூடிட்டியேம்மா" என்றேன்.

அப்போதுதான் அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "வாலாஜாபாத்தா? அவனுக்கா நான் மறைச்சேன்?" என்றாள். "உங்கப்பன் காதுல உழுந்தா அன்னைக்கே உன்ன இட்டாந்து வூட்ல குந்த வெச்சிருப்பான். உங்கிட்டச் சொன்னா நீயே பயந்து உட்டுட்டு வந்துடுவ. நீ அந்த அடுப்பாண்ட குந்திக்கினு அதுங்க சுத்தறதப் பேசச்சொல்ல உன் மூஞ்சி எப்டி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? அது போயிடக் கூடாதுன்னு வாய மூடிக்கினு இருந்தேன். கொஞ்சம் பார்வ மங்குனா இன்னா, வயசானா எல்லாருக்கும் மங்கறதுதான, அதோட படிச்சி முடிச்சிடுவான்னு நெனச்சேன். அந்தக் கண்ணாலதான் நீ அத்தினியும் பார்க்கறேன்னு எனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லைதான். எவ்வளவோ சொன்ன நான், இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பேன் என்பதை மட்டும் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அது எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் மேல் கோபப்படவாவது முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பிடிமானம் இருந்திருக்கும். அதுவும் இல்லாமல் போனது.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்க சாருக்கு எந்த மாசம்னு சொல்லணும்? நீ சொல்லு. நான் போன்ல சொல்றேன். பெத்தவ சொன்னா நம்ப மாட்டாரா?"

நம்புவார். சார் நம்பக்கூடியவர். மாசி என்று அவள் சொல்லியிருந்தால் பாதி ஆய்வேடு எனக்கு இருந்திருக்கும், பட்டமும் இருந்திருக்கும். ஒரு கணம் நான் அதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பாதியில் இருந்த ஒவ்வொரு கோடும் எனக்குத் தெரியும். எதைத் தொட்டாலும் அதில் என் கண்தான் சுற்றிக்கொண்டிருந்தது, நட்சத்திரம் இல்லை. அதை அச்சில் போட்டால், எங்கேயோ யாரோ ஒருவர் அதை நம்பி மேலே கட்டுவார். விரிந்த கோடு பொய் சொல்லாது என்று சார் சொன்னதை அந்த ஆளும் எங்காவது படித்திருப்பார்.

மறுநாள் அப்பா சாப்பிட வீட்டுக்கு வந்து சற்றுக் கண்ணயர்ந்திருந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அவருடைய ஆபீஸ் போனிலிருந்து மலைக்கு டிரங்க் கால் போட்டேன். அம்மாவும் கூட வந்தாள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. லைன் கிடைக்க வெகு நேரம் ஆனது. வெளியே மாகறல் பஸ் புறப்படப் போகிறது என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"முதல் பொங்கல், சார்" என்றேன்.

"நல்லா விசாரிச்சீங்களா?" என்றார்.

"விசாரிச்சேன், சார்."

"அப்ப ஒண்ணுமே மிஞ்சாதேம்மா."

"மிஞ்சாது, சார்."

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நானும் சரி என்றேன். அவ்வளவுதான். மூன்று வருஷம் அந்த ஒரு போனோடு முடிந்தது. அதற்கப்புறம் நான் ஒரு பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சராகப் போனேன். கரும்பலகையில் ஏழு எழுத்தையும் எழுதி, எது சூடு, எது ஆறினது என்று எத்தனையோ வருஷம் சொல்லிக்கொடுத்தேன். கோடுகளைப் பற்றி எந்தப் பிள்ளையாவது கேட்டால் பாடத்தில் இல்லை என்று சொல்லிவிடுவேன். வாலாஜாபாத்துக்காரர்கள் கண் விஷயம் காதில் விழுந்ததும் பின்வாங்கிவிட்டார்கள். அது ஒன்றுக்குத்தான் நான் அழவில்லை.

அன்றைக்குப் போனை வைத்துவிட்டுத் திரும்பினபோது, அம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். என் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் அவள் காதில் விழுந்திருக்கும். அதுவே போதுமானதாக இருந்தது. பஸ்களுக்கு நடுவில் புகுந்து, ரோட்டைத் தாண்டி, ரெண்டு பேரும் வீட்டைப் பார்க்க நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் சொன்னது தப்பா இருந்தா? அது அந்தப் பொங்கலா, அதுக்கு அடுத்த பொங்கலான்னு எனக்கே இப்ப சரியாத் தெரியலமா. எனக்கு இன்னா தெரியும், நான் படிச்சவளா? திரும்பிப் போயி சொல்லேன், எங்கம்மாவுக்கு ஞாபகம் தப்பிப்போச்சுன்னு."

நான் நடந்தேன். அவளும் கூடவே நடந்துகொண்டு, தெருமுனை வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

"இல்லம்மா. நீ சரியாத்தான் பார்த்திருக்க" என்றேன்.